பழசை அழிக்காதே, புதுசைப் பக்கத்தில் எழுது: ஸ்னாப்ஷாட்டின் கதை

டிஸ்கி: கொஞ்சம் நீளமான தொழில்நுட்பப் பதிவு. ஆனா நிரல் ஒரு வரி கூட கிடையாது, தைரியமா படிக்கலாம். கம்ப்யூட்டர்காரங்க 'இதெல்லாம் நமக்குத் தெரிஞ்சதுதானே'ன்னு பாதியில ஓடிடாதீங்க. நானும் தெரியும்னுதான் நினைச்சுக்கிட்டு இருந்தேன் :-)

2006-ல் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு நூற்றாண்டு விழா. மலர் போடுவதென்று முடிவாச்சு. தொகுப்பாசிரியர், ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர். ஊரே அவரை ஐயான்னுதான் கூப்பிடும். பக்க வடிவமைப்பு என் தலையில். ஐயா எல்லாக் கட்டுரைகளையும் தன் கையால் படியெடுத்து, சந்திப்பிழை நீக்கி, கட்டுக்கட்டாகக் கொடுப்பார். நான் ராத்திரி உட்கார்ந்து தட்டச்சி பேஜ்மேக்கரில் ஏற்றுவேன்.

என் கணினியில் இருந்தது லினக்ஸ் மட்டும் (அப்போ அது ஒரு வைராக்கியம்). பேஜ்மேக்கருக்கும் அந்தக் காலத்துத் தமிழ் எழுத்துருக்களுக்கும் விண்டோஸ் வேணும். அதனால லினக்ஸுக்குள்ளேயே ஒரு விர்ச்சுவல் மெஷின் வைத்து அதில் எக்ஸ்பி ஓட்டிக்கொண்டிருந்தேன். ஹார்ட் டிஸ்க் மொத்தமே 40 ஜிபி. ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனியா எக்ஸ்பி நிறுவ இடமேது? அதனால் சுத்தமான எக்ஸ்பி ஒன்றை மூலமாக வைத்துக்கொண்டு, அதன்மேல் மாற்றங்களை மட்டும் சேமிக்கும் ஒரு குளோன் செய்து, அதில் மலர் வேலையை நடத்தினேன். மூலம் 4 ஜிபி, மாற்றக் கோப்பு சில நூறு எம்பி. 'என்ன ஒரு மூளைடா உனக்கு'ன்னு என்னை நானே தட்டிக்கொடுத்துக்கிட்டேன்.

62 பக்கம் முடிஞ்சிருந்தப்ப ஒரு நண்பர் புது எழுத்துரு ஒண்ணு கொடுத்தார். இதை மூலத்திலேயே போட்டுவிட்டால் இனிமேல் செய்யும் எல்லா குளோனிலும் வந்துவிடுமே என்று மூல மெஷினைத் திறந்தேன். எழுத்துருவை நிறுவினேன். மூடினேன். எல்லாம் 10 நிமிஷ வேலை.

மறுநாள் ராத்திரி மலர் குளோனைத் திறந்தால், மூல டிஸ்க் மாறிவிட்டது, திறக்க முடியாது என்று ஒரு வரி வந்தது. அவ்வளவுதான். இணையத்தில் தேடி, ஒரு அடையாள எண்ணை மாற்றி வம்படியாகத் திறந்தேன். எக்ஸ்பி எழுந்தது, டிஸ்க்கைச் சோதித்தது, சரிசெய்கிறேன் பேர்வழி என்று கோப்புகளை வெட்டி ஒட்டியது. பேஜ்மேக்கர் கோப்புக்குள் எக்ஸ்பியின் ஏதோ ஒரு துண்டு உட்கார்ந்திருந்தது. 62 பக்கத்தில் 18 பக்கத்துக்கு மட்டும் அச்செடுத்த படி இருந்தது. மிச்சம் 44 பக்கம் போச்சு.

ஐயாகிட்ட போய்ச் சொன்னேன். அவருக்குக் கணினி தெரியாது. மூலம், மாற்றக் கோப்பு, அது இதுன்னு நான் உளறினதை முழுசாக் கேட்டுட்டு ஒரே கேள்வி கேட்டார். "ஏன் தம்பி, பிழைதிருத்தப் பட்டியல் போட்டதுக்கப்புறம் புத்தகத்தையே பக்கம் மாத்தி அச்சடிச்சிட்டியா?"

இத்தனை வருஷத்துல ஸ்னாப்ஷாட்டுக்கு இதைவிட நல்ல விளக்கம் நான் படிச்சதில்லைங்க.

பிழைதிருத்தப் பட்டியல்

பழைய தமிழ்ப் புத்தகங்களின் கடைசியில் பார்த்திருப்பீங்க. பக்கம், வரி, பிழை, திருத்தம் என்று நான்கு பத்தி. புத்தகத்தைத் திரும்ப அச்சடிக்கக் காசு கிடையாது. அதனால் அச்சடித்ததை அப்படியே விட்டுவிட்டு, மாறியதை மட்டும் ஒரு தாளில் போட்டுப் பின்னால் ஒட்டுவார்கள்.

விர்ச்சுவல் மெஷினின் ஹார்ட் டிஸ்க் என்பது நிஜக் கணினியில் இருக்கும் ஒரு பெரிய கோப்பு. உள்ளே ஓடும் விண்டோஸ் அதை நிஜ டிஸ்க் என்று நம்பிக்கொண்டிருக்கும். ஸ்னாப்ஷாட் எடு என்றால் மென்பொருள் அந்தப் பெரிய கோப்பை நகலெடுப்பதில்லை. 'இனிமேல் இதைத் தொடாதே' என்று முத்திரை வைத்துவிட்டு, பக்கத்தில் காலியாக ஒரு சின்னக் கோப்பைத் திறக்கிறது. அதற்குப் பிறகு எழுதுவதெல்லாம் அந்தச் சின்னக் கோப்பில், எந்த இடத்துக்கு என்ன திருத்தம் என்ற கணக்கோடு சேரும். படிக்கும்போது முதலில் பட்டியலில் தேடும். இல்லாவிட்டால் மூலத்துக்குப் போகும். அதனால்தான் 100 ஜிபி டிஸ்க்குக்கும் ஸ்னாப்ஷாட் சில நொடியில் முடிகிறது. அந்த நொடியில் எதுவுமே நகலாவதில்லை.

'ஸ்னாப்ஷாட்' என்ற பேர்தான் நம்மை ஏமாற்றுகிறது. போட்டோ எடுத்தால் கையில் தனியாக ஒரு படம் இருக்கும், ஆளே ஊரைவிட்டுப் போனாலும் படம் இருக்கும். இது அப்படியில்லை. மூலப் புத்தகம் இல்லாத பிழைதிருத்தப் பட்டியலை வைத்துக்கொண்டு என்ன படிப்பது?

இந்த ஏற்பாடு ஏன் இப்படி ஆச்சு? வரலாற்றைத் தோண்டினால் ஒரு விஷயம் தெளிவாகத் தெரிகிறது. பெரும்பாலும் இது இடமும் நேரமும் மிச்சம் பிடிக்கப் பிறந்த தந்திரம். பாதுகாப்பு என்ற பேர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது.

கேம்பிரிட்ஜில் ஆரம்பம்

விர்ச்சுவல் மெஷின் ஏதோ 2000-க்கு அப்புறம் வந்த சமாச்சாரம்னு நினைச்சா தப்பு. 1964 கடைசியில், அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்துக் கேம்பிரிட்ஜில் இருந்த ஐபிஎம்மின் ஆய்வு மையத்தில் ராபர்ட் கிரீசி, லெஸ் கோமோ ஆகியோர் தொடங்கிய வேலை. சிபி-40 என்று பேர். 1967 ஜனவரியில் அன்றாடப் புழக்கத்துக்கு வந்தது. ஒரே பெரிய கணினியை, ஆளுக்கொரு தனிக் கணினி இருப்பதுபோலப் பல பேருக்குப் பிரித்துக் காட்டும். அதன் தம்பி சிபி-67. அந்த வழியில் 1972 ஆகஸ்டில் விஎம்/370 என்று அதிகாரபூர்வ அறிவிப்பே வந்தது.

டிஸ்க்கை எப்படிப் பிரிப்பது? அன்றைக்கு ஐபிஎம்மின் 2311 டிஸ்க் பொதி ஒன்று 7 எம்பி சொச்சம், 2314 பொதி 29 எம்பி அளவு. இன்றைக்கு ஒரு போட்டோவுக்கே பத்தாது. அந்த டிஸ்க்கை வயல் வரப்பு மாதிரி துண்டு துண்டாகப் பிரித்து, ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள். அதற்கு மினிடிஸ்க் என்று பேர். உள்ளே இருப்பவருக்கு அதுதான் முழு டிஸ்க். இன்றைய இமேஜ் கோப்பின் பாட்டன் இதுதான்.

இன்னொரு புத்திசாலித்தனமும் செய்தார்கள். எல்லாரும் ஓட்டும் இயங்குதளம் ஒன்றேதான். அதை ஆளுக்கொரு பிரதி வைத்தால் இடம் கட்டுப்படியாகாது. ஆகவே இயங்குதளம் இருக்கும் மினிடிஸ்க் ஒன்றை, எழுத முடியாதபடி, எல்லாருக்கும் பொதுவாகக் கொடுத்தார்கள். சொந்தக் கோப்புகளுக்கு மட்டும் தனித் துண்டு. பொது மூலம் ஒன்று, ஆளுக்கொரு சொந்தப் பகுதி. என் எக்ஸ்பி குளோனின் கரு 60-களிலேயே இருந்திருக்கு பாருங்க. ஒரே வித்தியாசம், அவங்க மூலத்தை யாரும் எழுத முடியாதபடி பூட்டி வச்சாங்க. நான் பூட்டலை.

எழுதும்போது மட்டும் நகல்

அடுத்த கருத்து டிஸ்க்கிலிருந்து வரவில்லை, நினைவகத்திலிருந்து வந்தது. பிபிஎன் என்ற நிறுவனத்தில் பிடிபி-10 கணினிக்காக எழுதிய டெனெக்ஸ் இயங்குதளம். 1972-ல் அதைப் பற்றி வெளிவந்த கட்டுரையில் 'காப்பி ஆன் ரைட்' முறை விவரமாக இருக்கிறது. இரண்டு நிரல்கள் ஒரே நினைவகப் பக்கத்தைப் பகிர்ந்துகொள்ளும். இருவரும் படிக்கும்வரை ஒரு பிரதி போதும். யாராவது எழுதக் கை வைத்தால் அந்த நொடியில், அந்த ஒரு பக்கத்துக்கு மட்டும் தனிப் பிரதி. (கட்டுரையை எழுதிய நால்வரில் ஒருவர் ரே டாம்லின்சன். மின்னஞ்சல் முகவரி நடுவில் இருக்கும் அந்தச் சுழிக்குறியைக் கொண்டுவந்தவர்.)

சோம்பேறித்தனம்தான், ஆனா உயர்தரமான சோம்பேறித்தனம். நகலெடுக்கும் வேலையை முடிந்தவரை தள்ளிப்போடு. பெரும்பாலும் அது தேவையே படாது.

இதை டிஸ்க்குக்குக் கொண்டுவந்ததில் இரண்டு பேரைச் சொல்லணும். கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் மெண்டல் ரோசன்பிளம் என்ற மாணவரும் அவருடைய பேராசிரியர் ஜான் ஆஸ்டர்ஹவுட்டும் 1991-ல் ஒரு கோப்பு முறைமையைப் பற்றி எழுதினார்கள். நினைவகம் மலிவாகி வருகிறது, படிப்பதெல்லாம் நினைவகத்திலிருந்தே நடந்துவிடும், டிஸ்க்குக்கு மிஞ்சுவது எழுதும் வேலைதான். டிஸ்க்கின் முள் அங்குமிங்கும் ஓடினால் நேரம் வீண். ஆகவே பழசின்மேல் போய் எழுதாதே, புதுசையெல்லாம் வரிசையாகக் கடைசியில் எழுதிக்கொண்டே போ என்றார்கள். பேரேட்டில் அடித்துத் திருத்தாமல் புதுப் பதிவு போடும் கணக்குப்பிள்ளை மாதிரி. வேகத்துக்காகச் செய்தது. ஆனால் பழசு அழியாமல் கிடக்கும் என்பது உபரி லாபம்.

அந்த உபரி லாபத்தையே சரக்காக விற்றது நெட்ஆப். 1992-ல் தொடங்கிய நிறுவனம். அவர்களுடைய வாஃபில் என்ற கோப்பு முறைமையும் எழுதியதன்மேல் எழுதாது. பழைய பிளாக்குகளை விடுவிக்காமல் பிடித்து வைத்தால் போதும், அந்த நேரத்து டிஸ்க் முழுசாகக் கிடைத்துவிடும். 1994-ல் அவர்கள் எழுதிய கட்டுரையில் ஒரே நேரத்தில் 20 ஸ்னாப்ஷாட் வரை வைத்துக்கொள்ளலாம் என்று இருக்கிறது. தெரியாமல் கோப்பை அழித்த ஊழியர், நிர்வாகியின் காலில் விழாமல், தானே உள்ளே போய் நேற்றைய கோப்பை எடுத்துக்கொள்ளலாம். 'ஸ்னாப்ஷாட்னா பாதுகாப்பு' என்ற எண்ணம் மனசில் பதிய இந்த வசதி ஒரு பெரிய காரணம்னு எனக்குத் தோணுது. அதில் பாதி உண்மை. கைதவறி அழித்ததற்கு அது மருந்து. டிஸ்க்கே செத்தால் ஸ்னாப்ஷாட்டும் கூடவே உடன்கட்டை ஏறும்.

மறுபடி விர்ச்சுவல் மெஷின்

இப்போ ரெண்டு கதையும் ஒண்ணு சேருது. அதே ரோசன்பிளம் ஸ்டான்ஃபோர்டில் பேராசிரியர் ஆனார். 1997-ல் மாணவர்கள் எட்வார்ட் பூனியன், ஸ்காட் டிவைன் ஆகியோரோடு டிஸ்கோ என்ற ஆய்வை வெளியிட்டார். பெயரைப் பார்த்து ஆட்டம் பாட்டம்னு நினைக்காதீங்க. பல செயலிகள் கொண்ட பெரிய கணினியில் பல விர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ஏற்பாடு. அதில் எல்லா மெஷின்களும் ஒரே டிஸ்க்கைப் பகிர்ந்துகொள்ளும், ஒவ்வொன்றும் எழுதியது அதனதன் தனிக் கணக்கில். முப்பது வருஷத்துக்கு முந்தைய கேம்பிரிட்ஜ் யோசனையும், டெனெக்ஸின் சோம்பேறித்தனமும் ஒரே இடத்தில்.

1998-ல் இவர்களோடு டயான் கிரீன், எட்வர்ட் வாங் இருவரும் சேர்ந்து தொடங்கியதுதான் விஎம்வேர். சாதாரண பிசியின் எக்ஸ்86 செயலி விர்ச்சுவல் மெஷினுக்கு ஒத்துவராது என்பதுதான் அப்போதைய பொதுக் கருத்து. பென்டியத்தில் மட்டும் 17 கட்டளைகள் முரண்டு பிடிக்கின்றன என்று 2000-ல் ஓர் ஆய்வே கணக்கெடுத்தது. அதையெல்லாம் சுற்றிக்கொண்டு போய், 1999-லேயே ஒர்க்ஸ்டேஷன் என்ற பேரில் விற்பனைக்குக் கொண்டுவந்துவிட்டார்கள்.

ஆரம்பப் பதிப்புகளில் ஸ்னாப்ஷாட் என்ற பொத்தானே கிடையாது. டிஸ்க்குக்கு மூன்று குணம் உண்டு. எழுதியது நிலைக்கும் என்பது ஒன்று. அணைத்தால் எல்லாம் மறந்துபோகும் என்பது இன்னொன்று. மூன்றாவது, அணைக்கும்போது 'இன்றைக்குச் செய்ததை வைத்துக்கொள்ளவா, தூக்கிப் போடவா?' என்று கேட்கும் வகை. 2003-ல் வந்த நான்காம் பதிப்பில் ஸ்னாப்ஷாட் வந்தது, ஆனால் ஒன்றே ஒன்றுதான் வைக்கலாம். 2005-ல் வந்த ஐந்தாம் பதிப்பில்தான் வேண்டிய அளவு ஸ்னாப்ஷாட், கிளை விட்ட மரம் போல. குளோனும் அதே பதிப்பில் வந்தது.

இலவச மென்பொருள் பக்கமும் சும்மா இல்லை. லினக்ஸுக்குள் லினக்ஸ் ஓட்டும் யூசர் மோடு லினக்ஸில் ஜெஃப் டைக் இதே மாதிரி மாற்றக் கோப்பு வைத்திருந்தார். பிரான்சின் ஃபாப்ரிஸ் பெலார் 2003-ல் வெளியிட்ட கியூஎமு, பிறகு தனக்கென்று ஒரு இமேஜ் வகையைக் கொண்டுவந்தது. கியூகவ். பேரிலேயே காப்பி ஆன் ரைட் இருக்கிறது. அதன் இரண்டாம் வடிவம் இன்றைக்கும் லினக்ஸ் உலகத்தில் தினசரிப் புழக்கம்.

அதன் உள்கட்டமைப்பு அப்படியே ஐயாவின் பட்டியல்தான். டிஸ்க்கை 64 கிலோபைட் துண்டுகளாகப் பிரிக்கும். எந்தத் துண்டு கோப்பில் எங்கே இருக்கிறது என்று இரண்டு அடுக்கு அட்டவணை. அட்டவணையில் இடம் காலியாக இருந்தால், தலைப்பில் எழுதியிருக்கும் மூலக் கோப்பின் பேரைப் பார்த்து அங்கே போய்ப் படிக்கும். ஆமாம், மூலத்தின் பேர் வெறும் எழுத்தாக எழுதி வைத்திருக்கிறது. மூலக் கோப்பை வேறு அடைவுக்கு நகர்த்தினால் குளோனுக்கு அப்பன் பேர் தெரியாது. மூலத்தை யாரோ திருத்தினால்? அது குளோனுக்குத் தெரியவே தெரியாது. எனக்காவது 'மாறிவிட்டது' என்று ஒரு வரி காட்டியது. இங்கே அதுவும் இல்லாமல் திறந்து, உள்ளே குழம்பும்.

குளோன்: ஒட்டும் உறவும்

குளோனில் ரெண்டு ஜாதி. முழு குளோன் என்றால் மூலத்திலிருந்து எல்லாவற்றையும் படியெடுத்துத் தனிக்குடித்தனம் போய்விடும். இடம் பிடிக்கும், நேரம் பிடிக்கும், ஆனால் யாரையும் நம்பி இல்லை. இணைந்த குளோன் என்றால் மாற்றக் கோப்பு மட்டும் தனி, மூலம் கூட்டுக்குடும்பம். நான் செய்தது ரெண்டாவது. முதலாவது என்று நினைத்துக்கொண்டு.

குளோன் எடுப்பது விர்ச்சுவல் மெஷினுக்கு முன்பே உண்டு. நியூசிலாந்தின் ஆக்லாந்தில் பிறந்து, 1998-ல் சிமான்டெக் கைக்குப் போன கோஸ்ட் மென்பொருளை மறந்திருக்க மாட்டீங்க. ஒரு கணினியைச் சரியாக அமைத்து, அதன் டிஸ்க்கை அச்சு அசலாக மற்றவற்றில் இறக்கிவிடுவது. நம்மூர் பிரவுசிங் சென்டர், சர்வீஸ் கடைகளில் அந்த சிடி இல்லாத மேசை கிடையாது.

அச்சு அசலாக என்பதில்தான் வம்பே. கணினிக்கென்று சில அடையாளங்கள் இருக்கும். விண்டோஸின் பாதுகாப்பு எண், லினக்ஸ் சர்வரின் எஸ்எஸ்ஹெச் சாவி. குளோன் எடுத்தால் அதுவும் சேர்ந்து நகலாகும். ஒரே ரேஷன் கார்டை ஜெராக்ஸ் எடுத்துப் பத்து வீட்டில் வைத்த மாதிரி. விண்டோஸ் எண்ணை மாற்றுவதற்கென்றே மார்க் ருசினோவிச் நியூசிட் என்ற சின்ன மென்பொருளைக் கொடுத்திருந்தார். பிறகு 2009-ல் அவரே, அந்த எண் இரட்டையாக இருப்பதால் நடைமுறையில் பாதகமில்லை, இத்தனை வருஷம் நாம் நம்பியது கட்டுக்கதை என்று எழுதி, மென்பொருளையும் திரும்பப் பெற்றார். (தன் சரக்கே தேவையில்லைன்னு தானே சொல்ற மனசு எத்தனை பேருக்கு வரும்!) ஆனால் எஸ்எஸ்ஹெச் சாவி விஷயம் கட்டுக்கதை இல்லை. ஒரு குளோனின் சாவி திருடு போனால் எல்லாக் குளோன் பேரிலும் ஆள்மாறாட்டம் செய்யலாம்.

குளோன் குப்பையையும் நகலெடுக்கும். பிளாக் பிளாக்காகப் படியெடுக்கும்போது, நாம் அழித்த கோப்பின் மிச்சமும் கூடவே வரும். அமேசானின் மேகக்கணியில் பொதுப் பயன்பாட்டுக்கு விட்ட 5000-க்கும் மேற்பட்ட இமேஜ்களை ஆராய்ந்த ஒரு குழு, மறந்துபோய் உள்ளே விட்ட சாவிகளையும், அழித்தும் மீட்க முடிந்த கோப்புகளையும் கண்டு 2012-ல் எழுதியது. இமேஜை ஊருக்குக் கொடுக்கும் முன் இதை ஞாபகம் வச்சுக்கங்க.

நாம பின்னாடி போனா ஊர் பின்னாடி வருமா?

ஸ்னாப்ஷாட்டுக்குத் திரும்பும்போது நம்ம மெஷின் மட்டும்தான் பழைய நேரத்துக்குப் போகிறது. வெளியுலகம் அப்படியே இருக்கிறது. இதில் உள்ள வில்லங்கத்தை முதலில் கோர்வையாக எழுதியவர்களில் ரோசன்பிளமும் ஒருவர் என்பதுதான் வேடிக்கை. 2005-ல் தால் கார்ஃபிங்கல் என்பவரோடு சேர்ந்து எழுதினார். ஒருமுறை போட்ட பாதுகாப்புத் திருத்தம் காணாமல் போகும், மூடிய ஓட்டை திறக்கும், ஒருமுறைதான் பயன்படுத்த வேண்டிய ரகசிய எண் மறுபடி வரும் என்றெல்லாம் எச்சரித்தார்கள். 2010-ல் ரிஸ்டன்பார்ட், யிலெக் இருவரும் அதைச் செய்தே காட்டினார்கள். ஒரே ஸ்னாப்ஷாட்டிலிருந்து இரண்டு முறை எழுப்பிய மெஷின், இரண்டு முறையும் ஒரே 'தற்செயல்' எண்ணை எடுத்தது. பாதுகாப்பான இணைப்பின் உயிரே அந்த எண்தான்.

பெரிய அலுவலகங்களில் இன்னொரு வியாதி. விண்டோஸ் டொமைன் சர்வர்கள் ஒன்றுக்கொன்று மாற்றங்களை வரிசை எண் போட்டு அனுப்பிக்கொள்ளும். கூட்டுறவுச் சங்கத்து ரசீதுப் புத்தகம் மாதிரி. 500 வரை ரசீது போட்ட சர்வரை 400-ல் எடுத்த ஸ்னாப்ஷாட்டுக்குத் திருப்பினால், அது மறுபடி 401 போட ஆரம்பிக்கும். மற்ற சர்வர்கள் '401 எங்களுக்கு எப்பவோ வந்தாச்சே' என்று கண்டுகொள்ளாது. யாருக்கும் தெரியாமல் இரண்டு கணக்கு ஓடும். 2012 விண்டோஸ் சர்வரில்தான் இதற்கு மருந்து வந்தது. பின்னால் போனால் மாறும் ஓர் அடையாள எண்ணை விர்ச்சுவல் மெஷினுக்குக் கொடுத்தார்கள். எண் மாறியதைப் பார்த்ததும் சர்வர் தான் பின்னால் வந்துவிட்டதைப் புரிந்துகொள்ளும். 2013-ல் மைக்ரோசாஃப்ட் தன் ஹைப்பர்-வியில் ஸ்னாப்ஷாட் என்ற பேரையே எடுத்துவிட்டு 'செக்பாயின்ட்' என்று வைத்தது. அது கொஞ்சம் யோக்கியமான பேர்னு எனக்குப் படுது.

ரெண்டு நிறுவனங்களின் கதை

2014 ஜூனில் கோட் ஸ்பேசஸ் என்று ஒரு நிறுவனம் இருந்தது. மற்றவர்களின் நிரல்களைப் பத்திரமாக வைத்துத் தருவதுதான் அவர்கள் தொழில். அமேசான் கணக்கின் கட்டுப்பாட்டு அறைக்குள் ஒரு திருடன் நுழைந்து பணம் கேட்டான். வெளியேற்றப் பார்த்தபோது அழிக்க ஆரம்பித்தான். டிஸ்க், ஸ்னாப்ஷாட், இமேஜ் எதையும் விட்டுவைக்கவில்லை. எல்லாம் ஒரே கணக்கில், ஒரே சாவிக்குள். 12 மணி நேரத்தில் முடிந்தது. நிறுவனத்தையே மூடினார்கள். வீட்டுச் சாவியின் நகலை வீட்டுக்குள்ளேயே வைத்த கதை.

2017 ஜனவரி 31. கிட்லாப் நிறுவனம். ராத்திரி வேலையில் களைத்த ஒரு பொறியாளர், துணை சர்வரில் அழிப்பதாக நினைத்து முதன்மை சர்வரின் தரவுத்தளத்தை அழித்தார். கையை எடுப்பதற்குள் 300 ஜிபியில் மிஞ்சியது 4.5 ஜிபி. பேக்கப் எங்கே என்று பார்த்தால், பதிப்புப் பொருந்தாமல் பேக்கப் நிரல் தோற்றுக்கொண்டே இருந்திருக்கிறது, யாருக்கும் தெரியவில்லை. காப்பாற்றியது, வேறு ஒரு சோதனை வேலைக்காக 6 மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்த ஸ்னாப்ஷாட். அதிலிருந்து ஏற்கெனவே சோதனைச் சூழலுக்கு நகல் போயிருந்தது. அந்த நகலைத் திரும்பக் கொண்டுவர ஏறக்குறைய 18 மணி நேரம். 6 மணி நேரத்துப் பதிவுகள் போயின, நிறுவனம் பிழைத்தது. ஒளிக்காமல் எல்லாவற்றையும் பொதுவில் எழுதினார்கள், அதனால்தான் நமக்கு இவ்வளவு விவரம் தெரியுது.

ரெண்டையும் பக்கத்துல வச்சுப் பாருங்க. ரெண்டு பேர்கிட்டயும் ஸ்னாப்ஷாட் இருந்தது. ஒருவருக்கு அது மூலத்தோடு ஒரே வீட்டில் இருந்தது. இன்னொருவருக்கு, தற்செயலாகவேனும், வேறு இடத்துக்கு முழு நகலாகப் போயிருந்தது.

பிற்பாடு

ஸ்னாப்ஷாட் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு மென்பொருளை நிறுவிப் பார்க்கணும், வைரஸை ஆராயணும், அப்டேட் போட பயமா இருக்கு என்றால் இதைவிட நல்ல நண்பன் கிடையாது. காலையில் எடுத்து, சாயங்காலம் இணைத்துவிட வேண்டிய நண்பன். விஎம்வேரே ஒரு ஸ்னாப்ஷாட்டை 72 மணி நேரத்துக்கு மேல் வைக்காதே என்றுதான் சொல்லியிருக்கிறது. வைத்தால் பட்டியல் புத்தகத்தின் அளவுக்கே வளரலாம், மெஷின் மெதுவாகும், இடம் தீர்ந்தால் நின்றே போகும்.

இமேஜ் கோப்பை முழுசாகப் பாதுகாத்தால் அதன் பலனே வேறு. அமெரிக்காவின் கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில், நம்ம ஐஐடி மெட்ராஸில் படித்த மகாதேவ் சத்யநாராயணன் தலைமையில் ஆலிவ் என்று ஒரு திட்டம் நடத்தினார்கள். பழைய மென்பொருள்களை அவை ஓடிய இயங்குதளத்தோடு சேர்த்து, விர்ச்சுவல் மெஷினாகவே நூலகத்தில் அடுக்கும் வேலை. பழைய தமிழ் எழுத்துருவில் அடித்த கோப்புகளை வைத்துக்கொண்டு முழிக்கும் நமக்கு இதன் அருமை தெரியும். என்னுடைய எக்ஸ்பி இமேஜ் இன்றைக்கும் இருக்கிறது. முழு குளோன், மூன்று பிரதி, மூன்று வெவ்வேறு டிஸ்க்கில், அதில் ஒன்று தம்பி வீட்டில். மூலத்துக்கு எழுத முடியாதபடி பூட்டு. கேம்பிரிட்ஜ்காரர்கள் 1967-ல் போட்ட பூட்டை நான் 2006-ல்தான் போட்டேன்.

மலர் என்னாச்சுன்னு கேப்பீங்க. ஐயாவின் கையெழுத்துப் படி மட்டும் பத்திரமாக இருந்தது. அவரே பக்கத்தில் உட்கார்ந்து வாசிக்க, 44 பக்கத்தையும் திரும்ப அடித்தேன். ஒன்பது ராத்திரி. ஒரு வார்த்தை கடிஞ்சு பேசலை. விழாவுக்கு இரண்டு வாரம் பிந்தி மலர் வந்தது. கடைசிப் பக்கத்தில் 11 வரிக்குப் பிழைதிருத்தப் பட்டியல். அதில் 7, அவசரத்தில் நான் திரும்ப அடித்த பக்கங்களில் வந்தவை.

உங்க மெஷின்ல எத்தனை நாள் பழைய ஸ்னாப்ஷாட் கிடக்குன்னு இந்த வாரக் கடைசியில ஒருதரம் பாருங்க. என்னை மாதிரி மூலத்துல கை வச்ச கதை இருந்தா பின்னூட்டத்துல சொல்லுங்க, நான் மட்டும் இல்லைன்னு ஒரு ஆறுதலா இருக்கும் :-)